பத்து நாள் கம்முனு உக்காரப் போறீங்களா? வாசகர் கேள்வியும் அக்கா பதிலும்

போன இதழ்ல விபாசனா முகாம் பத்தி ஒரு சின்ன குறிப்பு வந்துச்சு. சென்னை பக்கத்துல திருமுடிவாக்கத்துல தம்ம சேதுன்னு ஒரு மையம் இருக்கு, அங்க போன் இல்லாம பேச்சு இல்லாம பத்து நாள் உக்காந்து மூச்சையும் உடம்பையும் கவனிக்க சொல்லிக்குடுக்கறாங்கன்னு, அவ்ளோதான் போட்டிருந்தோம். அதுக்கே குடியாத்தம், ஆரணி, திருப்பத்தூர்னு நம்ம வடாற்காடு பூரா இருந்து கேள்வி வந்து குவிஞ்சுடுச்சு. நான் முகாம்ல உக்காந்தும் இருக்கேன், பொம்பளைங்க பக்கம் சேவைக்கும் போயிருக்கேன், அதனால இந்த தடவை முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் வேணாம்னு நிறைய பேர் சொன்னதால யார் பேரும் போடல.

குடியாத்தத்துல லுங்கிக் கடை வெச்சிருக்கற தம்பி: அக்கா, நான் காலைல ஷட்டர் தூக்குனதுல இருந்து ராத்திரி வரைக்கும் கஸ்டமர்கிட்ட பேசிகினே இருக்கற ஆளு. பத்து நாள் வாய தொறக்காம இருந்தா பைத்தியம் புடிச்சிடாதா? உள்ள அப்படி இன்னாதான் பண்ணுவாங்கோ நாள் முழுக்க?

பதில்: தம்பி, பேசாம இருக்கறது நீங்க பயப்படற அளவு கஷ்டம் இல்ல. சொல்லப்போனா பேசிப் பொழைக்கறவங்களுக்குத்தான் முதல் ரெண்டு நாள் ரொம்ப இதமா இருக்கும், யாருக்கும் பதில் சொல்ல வேணாம், விலை குறைச்சு பேச வேணாம், புடிக்காதவங்கள பாத்து சிரிக்க வேணாம். கஷ்டம் அதுக்கு அப்பால வருது. வாய் நின்னதும் உள்ள ஓடற பேச்சு கேக்க ஆரம்பிச்சிடும், யார் பாக்கி தரணும், தீபாவளி சரக்கு எப்ப எடுக்கணும், எப்பவோ ஒரு கல்யாணத்துல மச்சான் சொன்ன ஒரு வார்த்தை, அதுக்கு நாம சொல்லியிருக்க வேண்டிய பதில், எல்லாமே. இது முகாம்ல புதுசா வர்றது இல்ல, எப்பவும் ஓடிகினுதான் இருந்துச்சு, கடை சத்தத்துல நமக்கு கேக்கல.

நாள் எப்படி போகும்னா, விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பாங்க, 4:30ல இருந்து 6:30 வரைக்கும் உக்காரணும், அப்பால நாஷ்டா, 8 மணிக்கு எல்லாரும் கூடத்துல சேர்ந்து ஒரு மணி நேரம், மறுபடி 11 வரைக்கும், 11 மணிக்கு மதிய சாப்பாடு, 1 மணி வரைக்கும் ரெஸ்ட், அப்புறம் சாயந்திரம் 5 வரைக்கும் உக்காந்து எழுந்து உக்காந்து எழுந்து அதே வேலைதான். 5 மணிக்கு டீயும் பழமும் குடுப்பாங்க, ராத்திரி சாப்பாடு கிடையாது. ஏற்கனவே முகாம் முடிச்சவங்களுக்கு அந்த பழமும் இல்ல, எலுமிச்சம்பழ தண்ணி மட்டும். 6 டூ 7 மறுபடி கூடத்துல, 7 மணிக்கு, இந்த முறைய இந்தியாவுக்கு கொண்டு வந்த ஆசிரியர் கோயங்கா பேசி பதிவு பண்ணி வெச்சிருக்கற சொற்பொழிவு, 9:30க்கு படுக்கை. கூட்டிப் பாத்தா உக்கார்றது மட்டும் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல வரும்.

முதல் மூணு நாள் மூச்சு மட்டும்தான். மூக்கு துவாரத்துலயும் அதுக்கு கீழ மேலுதட்டுக்கு மேல இருக்கற அந்த சின்ன எடத்துலயும் மூச்சு உரசறத கவனிக்கணும், மூச்ச இழுத்துப் புடிக்கறது, எண்ணறது, மந்திரம் சொல்றது எதுவும் இல்ல, இது பிராணாயாமம் கிடையாது. நாலாம் நாள்தான் விபாசனா சொல்லிக்குடுப்பாங்க, தலை உச்சில இருந்து கால் விரல் வரைக்கும் உடம்புல எங்க இன்னா உணர்ச்சி இருக்கோ அத வரிசையா பாத்துகினு போறது. பத்தாம் நாள் காலைல எல்லாருக்கும் நல்லது நினைக்கற மைத்ரி தியானம், அதோட மவுனம் முடியும், பதினோராம் நாள் காலைல வீட்டுக்கு.

மவுனம்னா வாய் மட்டும் இல்ல, இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சைகை, கண் ஜாடை, சீட்டுல எழுதி காட்டறது எதுவும் கூடாது, போன வாங்கி உள்ள வெச்சிடுவாங்க, புஸ்தகம் பேனா கூட கிடையாது. ஆனா ஆசிரியர்கிட்ட சந்தேகம் கேக்கலாம், மதியம் அதுக்குன்னே நேரம் இருக்கு, உடம்பு சரியில்ல, போர்வை வேணும்னா சேவை பண்றவங்ககிட்ட சொல்லலாம். ஏன் இவ்ளோ கண்டிப்புன்னா ஒரு காரணம், பேசினா பொய் வரும், கூட்டி குறைச்சு சொல்லுவோம். இன்னொண்ணு எனக்கு இன்னும் பெருசா தெரியுது, பேச விட்டா மூணாம் நாளே "உனக்கு எதனா தெரிஞ்சுதா, எனக்கு தெரிஞ்சுது"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க, அந்த ஒரு வார்த்தை போதும், கேட்டவங்களோட மிச்ச நாள் மொத்தமும் அத தேடறதுலயே போயிடும்.

கடைய 12 நாளைக்கு யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டு போங்க, பத்துன்னு கணக்கு போடாதீங்க, போற நாளும் வர்ற நாளும் சேரும். வேலூர்ல இருந்து வர்றவங்க பூந்தமல்லி வந்து குன்றத்தூர் வழியா போனா சுலபம்.

வாலாஜாப்பேட்டைல இருந்து ஒரு ஐயா: எவ்வளவு ஃபீஸ்? வேற ஏதாச்சும் மறைமுகமா வசூல் உண்டா?

பதில்: தங்கறதுக்கு, சாப்பாட்டுக்கு, சொல்லிக்குடுக்கறதுக்கு எதுக்கும் காசு வாங்கறது இல்லங்க ஐயா. முகாம் முழுசா முடிச்சவங்க விருப்பப்பட்டு குடுத்தா மட்டும் வாங்கிப்பாங்க, முடிக்காதவங்ககிட்ட நன்கொடையே வாங்க மாட்டாங்க.

ஆரணில பட்டு நெய்யற அண்ணன்: குழித்தறில கால தொங்கப்போட்டு உக்காந்தே பழகுன உடம்பு. சம்மணம் போட்டா கால் மணி நேரத்துல முட்டி கத்துது. ஒரு மணி நேரம் அசையாம உக்காரணும்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: உண்மைதான் அண்ணே, ஆனா நீங்க நினைக்கற மாதிரி இல்ல. நாலாம் நாளுக்கு அப்பால ஒரு நாளைக்கு மூணு தடவை, கூடத்துல சேர்ந்து உக்கார்ற அந்த ஒரு மணி நேரம் மட்டும், கண்ண தொறக்காம கை கால மாத்தாம இருக்க முயற்சி பண்ணனும், அதிட்டானம்னு சொல்லுவாங்க. மத்த நேரத்துல கால மாத்திக்கலாம், எழுந்து கொஞ்சம் நடந்துட்டு வரலாம்.

முதல்ல நாற்காலி விஷயம். முட்டி, இடுப்பு, முதுகுல ஏற்கனவே கோளாறு இருக்கறவங்களுக்கு நாற்காலி குடுப்பாங்க, விண்ணப்பத்துலயே எழுதிடுங்க. தரையில உக்காந்தாதான் தியானம் வரும்னு புத்தர் எங்கயும் சொல்லல. நாற்காலி கேக்க வெக்கப்பட்டு நாலு நாள் பல்ல கடிச்சுகினு கிடந்து, அஞ்சாம் நாள் படி ஏற முடியாம போனவங்கள நான் கூட்டினு போயி விட்டிருக்கேன், அந்த வெக்கத்தால அவங்களுக்கு ஒரு லாபமும் இல்ல. எழுந்து நடந்த கொஞ்ச நேரத்துல வலி போயிடுச்சுன்னா அது உக்காந்ததால வந்த வலி. எழுந்தும் போகல, வீங்குது, கால ஊன முடியலன்னா அது காயம், அத தாங்கறது தியானம் கிடையாது, உடனே சொல்லணும்.

உக்காந்ததால வர்ற வலிக்குத்தான் இந்த பயிற்சியே. தூரத்துல இருந்து பாத்தா முட்டி வலின்னு ஒரே கட்டியா தெரியும். கண்ண மூடிகினு கிட்ட போயி பாருங்க. ஒரு எடத்துல சூடு, ஒரு எடத்துல நரம்பு இழுக்கற மாதிரி, நடுவுல ஒரு ரூபா காசு அளவுல துடிப்பு, அதுக்கு ஒட்டுன எடத்துல ஒண்ணுமே இல்ல. அந்த துடிப்பும் விடாம இல்ல, துடிக்குது நிக்குது துடிக்குது. இப்படி பாத்துகினு இருக்கறப்பவே மனசு குறுக்க பூந்து "இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு, முட்டி போயிட்டா தறில எப்படி உக்கார்றது, வீட்டுக்கு யார் சம்பாதிச்சு போடறது"ன்னு ஆரம்பிக்கும், உடனே வலி மூணு மடங்கு ஆயிடும். முட்டில ஒண்ணும் மாறல, மனசு சேர்ந்துகிச்சு. புத்தர் பேசினத தொகுத்து வெச்ச பழைய நூல்கள்ல ஒண்ணு சம்யுத்த நிகாயம், அதுல புத்தர் இததான் ரெண்டு அம்புன்னு சொல்றாரு. உடம்புல வர்ற வலி முதல் அம்பு, அது எல்லாருக்கும் படும். அத நினைச்சு அழுது புலம்பறது ரெண்டாவது அம்பு, அது பயிற்சி இல்லாதவனுக்கு மட்டும்தான் படும். முதல் அம்ப புடுங்கித் தர்றேன்னு அவர் அங்க சொல்லல, அத கவனிச்சு படிங்க.

காட்பாடில இன்ஜினியரிங் படிக்கற தம்பி: செமஸ்டர் லீவுல போயிட்டு வந்தேன்கா. பாதி முகாம் தூங்கிட்டேன். காலைல 4:30க்கு கண்ண மூடினா 6:30 மணி அடிக்கும்போதுதான் முழிப்பே. திரும்ப போகலாமா, இல்ல எனக்கு இது செட் ஆகாதா?

பதில்: ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன் பாக்கற வயசுல இருக்கற பசங்களுக்கு முதல் ரெண்டு மூணு நாள் வர்றது பழைய தூக்க பாக்கி தம்பி, உடம்பு அத வசூல் பண்ணிடும், அதுல தப்பில்ல. அதுக்கு அப்பாலயும் வந்துச்சுன்னா அது வேற, தியானத்துக்கு வர்ற ஐந்து தடைகள்ல ஒண்ணா பௌத்தத்துல சொல்ற மந்தமும் தூக்கமும் அதுதான்.

புத்தரோட ரெண்டு முக்கிய சீடர்ல ஒருத்தர் மொக்கல்லானர். அவரே மகத நாட்டுல ஒரு கிராமத்துல உக்காந்து தூங்கி வழிஞ்சார்னு அங்குத்தர நிகாயம்னு இன்னொரு தொகுப்புல இருக்கு. புத்தர் அவர திட்டல, வரிசையா வழி சொல்றாரு. எந்த நினைப்புல தூக்கம் வந்துச்சோ அத மாத்து, கேட்ட தர்மத்த மனசுல ஓட்டிப் பாரு, அத வாய்விட்டு சொல்லு, ரெண்டு காதையும் புடிச்சு இழுத்து கை கால தேய்ச்சு விடு, எழுந்து போயி கண்ண கழுவிட்டு நாலா பக்கமும் பாத்து நட்சத்திரத்தப் பாரு, வெளிச்சம் இருக்கறதா நினை, முன்னயும் பின்னயும் நட. இதுக்கெல்லாம் மேலயும் தூக்கம் வந்தா வலது பக்கமா சாஞ்சு படுத்து தூங்கு, முழிச்சதும் உடனே எழுந்துடுன்னு. கடைசில தூங்கவும் சொல்லிட்டாரு பாருங்க, எனக்கு அந்த எடம் ரொம்ப புடிக்கும். முகாம்ல வாய்விட்டு சொல்ல முடியாது, மத்ததெல்லாம் பண்ணலாம். குறிப்பா 4:30 வேளைக்கு ரூம்ல உக்காராதீங்க, கட்டில் கூப்பிடும், கூடத்துக்கு போயிடுங்க. மதியம் சாம்பார் சாதத்த ரெண்டாவது தடவை வாங்காதீங்க. திரும்ப தாராளமா போங்க.

ராணிப்பேட்டைல இருந்து ஒரு வாசகர்: எங்க தெருக்காரர் ஒருத்தர் முகாம் போயிட்டு வந்து, ஏழாம் நாள் உடம்பு முழுக்க கரண்ட் ஓடுன மாதிரி இருந்துச்சு, உடம்பே கரைஞ்சு போச்சுன்னு சொல்றாரு. நானும் போனேன், எனக்கு அரிப்பு, வியர்வை, முதுகுவலி தவிர ஒண்ணும் வரல. நான் சரியா பண்ணலயா?

பதில்: நான் இந்த பத்தி எழுத ஒத்துகிட்டதே இந்த கேள்விக்காகத்தான், ஏன்னா முகாம் முடிச்சு வர்றவங்கள்ல பாதி பேர் இதுலதான் மாட்டிகினு கிடக்கறாங்க.

அரிப்பும் உணர்ச்சிதான், வியர்வையும் உணர்ச்சிதான், அந்த கரண்டும் உணர்ச்சிதான். மூணும் வருது, கொஞ்ச நேரம் இருக்குது, போயிடுது. அத நேரா பாத்து தெரிஞ்சுக்கறதுதான் வேலை. கரண்ட் மாதிரி வர்றது பெரிய பதவி, அரிப்பு வர்றது கீழ் பதவின்னு எங்கயும் கிடையாது. அந்த சுகமான அலை வந்தப்போ "ஆஹா வந்துடுச்சு, இது போகக்கூடாது"ன்னு மனசு ஒட்டிக்கிச்சுன்னா அவர் அந்த நேரத்துல ஆசைய வளர்த்துட்டு இருந்தார்னு அர்த்தம். மூக்கு நுனில அரிச்சப்போ நீங்க கைய தூக்காம, எரிச்சல்படாம, அது ஏறி உச்சிக்கு போயி தானா அடங்கறத ஒரே ஒரு தடவை முழுசா பாத்திருந்தீங்கன்னா நீங்க அந்த வேலைய செஞ்சிருக்கீங்க. உங்க தெருக்காரர் பொய் சொல்றார்னு நான் சொல்லல, அவருக்கு வந்தது வந்ததுதான், அத உங்களுக்கு அளவுகோலா வெச்சதுதான் தப்பு. அடுத்த தடவை போயிட்டு வந்ததும், கோவம் வந்தா முன்னைவிட சீக்கிரம் தெரியுதா, பிடிக்காதது நடந்தா எவ்ளோ நேரம் கழிச்சு சரியாகறோம், இத மட்டும் பாருங்க. வீட்டுல இருக்கறவங்ககிட்ட கேட்டாலே சொல்லிடுவாங்க.

சத்துவாச்சாரில இருந்து ஒரு அம்மா: எனக்கு நாலாம் நாள்ல இருந்து ஒரே அழுகை. ஏன்னே தெரியல, கண்ண மூடினா போதும், தண்ணியா ஊத்துது. அதோட பக்கத்துல உக்காந்திருந்தவங்க விடாம இருமிகினே இருந்தாங்க, அவங்கள எழுந்து அடிச்சிடலாமான்னு வந்துச்சு. கோயில்ல விளக்கேத்தி கும்பிட்டா எனக்கு மனசு எவ்ளோ அமைதியாகும்! இங்க வந்து இப்படி ஆயிட்டேனேன்னு ரொம்ப கஷ்டமா போச்சு. எனக்கு தியானம் வராதா?

பதில்: அம்மா, சேவைக்கு போனவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, நாலாம் நாள் அஞ்சாம் நாள்ல பொம்பளைங்க பக்கம் அழாதவங்கள எண்ணிடலாம், ஆம்பளைங்க பக்கமும் அப்படித்தான்னு கேள்வி. வீட்டுல நமக்கு அழ எங்க நேரம் இருக்கு, சமையல், புள்ளைங்க ஸ்கூல், மாமியாருக்கு மாத்திரை, எல்லாத்தையும் அமுக்கி வெச்சுட்டு வேலைய பாத்துகினு இருந்திருப்போம். பத்து நாள் வேலையே இல்லாம உக்கார வெச்சதும் அது மேல வருது. காரணம் தேட வேணாம், இது எதனால வந்துச்சுன்னு துருவ ஆரம்பிச்சா அது ஒரு புதுக்கதையா ஓடும். தொண்டைல அடைப்பு இருக்கா, நெஞ்சுல பாரமா இருக்கா, கண் ஓரத்துல சூடு இருக்கா, அத பாருங்க, தண்ணி வந்தா வரட்டும், துடைச்சுக்கோங்க.

இருமல் விஷயத்துக்கு வருவோம், இது சின்னதா தெரியும், இதுலதான் எல்லாமே இருக்கு. அந்தம்மா இருமினது ரெண்டு செகண்ட். அதுக்கு அப்பால நடந்தத நினைச்சுப் பாருங்க. "மறுபடி இருமிட்டாங்க, உடம்பு சரியில்லன்னா வீட்டுலயே இருக்க வேண்டியதுதான, மேனேஜர்கிட்ட சொல்லி என் எடத்த மாத்த சொல்லணும், சொன்னா என்னைய தப்பா நினைப்பாங்களோ, இப்படித்தான் என் நாத்தனாரும் யாரைப் பத்தியும் கவலப்படாம..." நாத்தனார் எங்க இருந்து வந்தாங்க அந்த கூடத்துக்கு? பத்து நிமிஷம் நாத்தனார் கூட சண்டை போட்டு முடிச்சு பாத்தா அந்தம்மா இருமறத எப்பவோ நிறுத்தியிருப்பாங்க. வெளிய இருந்தா இந்த வேகம் கண்ணுக்கே தெரியாது, சண்டை நிஜமாவே நடந்திருக்கும், இல்ல ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சிகினு இருந்திருப்போம். ஒரு இருமல்ல இருந்து நாத்தனார் வரைக்கும் மனசு போன வழிய நீங்க பாத்தீங்களே, அது தியானம் வராததுக்கு அடையாளம் இல்லம்மா.

புத்தர் தியானம் பத்தி சொன்ன சதிபட்டான சூத்திரத்துல மனச எப்படி கவனிக்கறதுன்னு சொல்ற எடத்துல, கோவம் இருக்கற மனச கோவம் இருக்கற மனசுன்னு தெரிஞ்சுக்கோ, கோவம் இல்லாத மனச கோவம் இல்லாத மனசுன்னு தெரிஞ்சுக்கோன்னு மட்டும்தான் இருக்கு. கோவம் வந்ததுக்கு வெக்கப்படுன்னோ விரட்டுன்னோ அந்த எடத்துல இல்ல. விளக்கேத்தி கும்பிட்டா அமைதி வரும், நீங்க சொல்றது நிஜம், ஜலகண்டேஸ்வரர் கோயில் பிரகாரத்துல சாயந்திரம் உக்காந்தா எனக்கும் வரும். அங்க மனசுக்கு புடிச்ச ஒண்ணு முன்னாடி இருக்கு. இங்க வேணும்னே புடிச்சது எதையும் முன்னாடி வெக்காம உக்கார்றோம், அதனால அடியில இருக்கறது தெரியுது. இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, முகாம் நடக்கற பத்து நாள் மட்டும் ஜபம், பூஜை, விரதம் எல்லாத்தையும் நிறுத்தி வெக்க சொல்லுவாங்க, கலந்து பண்ணா எது என்ன பண்ணுதுன்னு தெரியாம போயிடும்னு.

பேர்ணாம்பட்டுல இருந்து ஒரு அக்கா: என் தம்பி மூணு வருஷமா மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறான். இந்த முகாம் போனா மாத்திரையே வேணாம்னு அவன் ஃப்ரெண்டு சொல்றான். அனுப்பலாமா?

பதில்: மாத்திரைய நிறுத்திட்டு அனுப்பவே அனுப்பாதீங்க. இத கெஞ்சி கேட்டுக்கறேன். பத்து மணி நேரம் தனியா கண்ண மூடி உள்ள பாக்கறது திடமா இருக்கற மனசையே ஆட்டி வெக்குது, ஏற்கனவே வைத்தியத்துல இருக்கற மனச அது கீழ தள்ளிடலாம். விண்ணப்பத்துல மனநலம் பத்தியும் மருந்து பத்தியும் கேப்பாங்க, எடம் கிடைக்காதுன்னு மறைக்கறாங்க சில பேர், அது ரொம்ப ஆபத்து. முதல்ல அவன பாக்கற டாக்டர்கிட்ட கேளுங்க, நம்ம பாகாயத்துல சிஎம்சியோட மனநல மையமே இருக்கு, அங்க போயி கேக்கறதுல எந்த கூச்சமும் வேணாம். டாக்டரோ தியான மையமோ போக வேணாம்னு சொன்னா போக வேணாம்தான். வீட்டுலயே தினம் பத்து நிமிஷம் மூச்ச கவனிக்கறதுல ஆரம்பிக்கலாமான்னு அந்த டாக்டர்கிட்டயே கேட்டுப் பாருங்க.

மத்தவங்களுக்கும் சொல்றேன். அழுகை, கோவம், பயம் வந்து வந்து போனா அது சகஜம். தொடர்ந்து ரெண்டு மூணு ராத்திரி ஒரு பொட்டு தூக்கம் இல்ல, ஆனா களைப்பே தெரியல, காதுல குரல் கேக்குது, யாரோ ஏதோ பண்றாங்கன்னு பயமா இருக்கு, சாகணும்னு தோணுதுன்னா மவுனத்த பாக்காதீங்க, அந்த நிமிஷமே ஆசிரியர்கிட்ட போயி சொல்லுங்க. பாதில கிளம்பி வர்றது தோல்வி கிடையாது.

திருப்பத்தூர்ல இருந்து ஒரு தம்பி: எங்க தாத்தா கோலார் தங்கவயல் சுரங்கத்துல வேலை பாத்தவர். வீட்டுல புத்தர் படம் மாட்டி பஞ்சசீலம் சொல்லுவாரு, அயோத்திதாசப் பண்டிதர் பத்தி பேசுவாரு. ஆனா அவர் தியானம்னு உக்காந்து நான் பாத்ததே இல்ல. இப்ப விபாசனான்னு சொல்றது அதே பௌத்தமா, வேறயா?

பதில்: தம்பி, இந்த கடுதாசிய படிச்சதும் எனக்கு ரொம்ப சந்தோஷம். நம்ம வடாற்காட்டுல இருந்து தங்கவயலுக்கு போன குடும்பங்கள்ல இந்த கதை நிறைய பேர்கிட்ட இருக்கு, வெளிய யாரும் பேசறது இல்ல.

அயோத்திதாசர் 1845ல பொறந்தவர், 1898ல இலங்கைக்கு போயி பௌத்தம் ஏத்துகினு வந்து சாக்கிய பௌத்த சங்கத்த ஆரம்பிச்சாரு, 1907ல ‘ஒரு பைசாத் தமிழன்’னு வாரப் பத்திரிகை நடத்தினாரு, தங்கவயல்ல அந்த சங்கத்துக்கு கிளை இருந்துச்சு. சாதிய மறுக்கறது, படிப்பு, ஒழுக்கம், நம்ம பழைய மதம் இதுதான்னு தலை நிமிர்ந்து சொல்றது, அவங்க பௌத்தம் இதுல நின்னுச்சு. அந்த காலத்துல அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்!

அதே காலத்துல பர்மால லெடி சயாடோன்னு ஒரு பிக்கு, அதாவது பௌத்த துறவி, அயோத்திதாசருக்கு ஒரு வயசு சின்னவர், 1846ல பொறந்து 1923ல மறைஞ்சாரு. அதுவரைக்கும் தியானம்னா பெரும்பாலும் பிக்குகள் வேலைன்னு இருந்தத அவர்தான் சாதாரண ஜனங்களுக்கும் சொல்லிக்குடுத்தாரு. அவர்கிட்ட கத்துகினவர் சயா தெட்ஜி, ஒரு விவசாயி. அவர்கிட்ட கத்துகினவர் ஊ பா கின், சுதந்திர பர்மாவோட முதல் அக்கவுன்டன்ட் ஜெனரல், 1952ல ரங்கூன்ல தியான மையம் தொடங்கினாரு. அவர்கிட்ட கத்துகினவர்தான் கோயங்கா, 1924ல மாண்டலேல பொறந்த வியாபாரி, தலைவலி தாங்காம போயி உக்காந்தவரு, 1969ல இந்தியா வந்து சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சாரு, 2013ல மறைஞ்சாரு. மகாராஷ்டிரால இகத்புரில பெரிய மையம் அவர் உண்டாக்கினது. ஆக, குடும்பஸ்தன் பத்து நாள் மவுனமா உக்கார்றதுங்கறது இந்த நூறு நூத்தம்பது வருஷத்துல பரவுனது. பிக்குகள் மழைக்காலத்துல மூணு மாசம் ஒரே எடத்துல தங்கற வழக்கம் புத்தர் காலத்துல இருந்தே இருக்கு, அது வேற விஷயம்.

அதனால உங்க தாத்தா தியானத்துல உக்காராதது குறை இல்ல. அவர் தினம் சொன்ன பஞ்சசீலத்தத்தான் முகாம்லயும் முதல் நாள் ராத்திரி சொல்ல வெக்கறாங்க, கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை (முகாம் நாள்ல உறவே கூடாது), பொய் சொல்லாமை, போதை தொடாமை, அதோட புத்தம் தம்மம் சங்கம்னு சரணமும் பாலி மொழில சொல்லுவீங்க. இது மதம் இல்லன்னு சொல்லித்தான் கூப்பிடுவாங்க, எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்க, யாரையும் மாற சொல்றதும் இல்ல, ஆனா சொல்லிக்குடுக்கறது முழுக்க புத்தரோட வழின்னு தெரிஞ்சு போறதுதான் நேர்மை. சீலம், அதாவது ஒழுக்கம், இல்லாம உக்கார்றது நிக்காது, தாத்தா முதல் படிய வீட்டுலயே போட்டு வெச்சுட்டு போயிருக்காரு, நீங்க அடுத்தத பாருங்க. இன்னொண்ணு, தாத்தா வெச்சிருந்த பழைய புஸ்தகம், சங்கத்து நோட்டீஸ் ஏதாச்சும் வீட்டுல இருந்தா பழைய பேப்பர்காரனுக்கு போட்டுடாதீங்க.

தோட்டப்பாளையத்துல இருந்து ஒரு தங்கச்சி: ரெண்டு சின்னப் புள்ளைங்க. 12 நாள் விட்டுட்டு போறதெல்லாம் இப்போதைக்கு நடக்காது. வீட்டுலயே ஒரு நாள் மவுனமா இருந்து பாக்கலாமா?

பதில்: பாக்கலாம், ஆனா முகாம்ல சொல்லிக்குடுக்கற மாதிரி உடம்பு முழுக்க பாக்கறதுக்கெல்லாம் போகாம மூச்சோட நிறுத்திக்கோ. வீட்டுக்காரர் புள்ளைங்கள காலைலயே பாட்டி வீட்டுக்கு கூட்டினு போற மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமையா பாரு, சித்திரை வைகாசி வெயில்ல வேணாம், நம்ம வேலூர் வெயிலுக்கு மதியம் மூச்ச பாக்க முடியாது, விசிறிக்கத்தான் முடியும். கார்த்திகை மார்கழி நல்லது. முதல் நாளே புளிசாதமோ தயிர்சாதமோ கலந்து வெச்சிடு, சமைக்கறதுல மனசு போகக்கூடாது. போன ஆஃப் பண்ணி பீரோல வெக்கறது பத்தாது, வீட்டுக்காரர்கிட்டயே குடுத்து அனுப்பிடு, அவசரம்னா அவர் நேர்ல வருவாரு. பக்கத்து வீட்டுல முன்னாடியே சொல்லிடு, இல்லன்னா கதவ தட்டிகினே இருப்பாங்க.

ஒரே நேரா பத்து மணி நேரம்னு ஆரம்பிக்காத. அரை மணி நேரம் உக்காரு, அரை மணி நேரம் நட, இப்படி மாத்தி மாத்தி. நடக்கறது கோயங்கா முகாம்ல தனி பயிற்சியா சொல்லித்தர்றது இல்ல, மஹாசி சயாடோன்னு பர்மால இன்னொரு பெரிய ஆசிரியர், 1904ல இருந்து 1982 வரைக்கும் இருந்தவர், அவர் வழில அது பாதிக்கு பாதி. வீட்டு ஹால்ல பத்தடி எடம் போதும், கால தூக்கறது தெரியணும், முன்னாடி கொண்டு போறது தெரியணும், கீழ வெக்கறது தெரியணும், செவுரு வந்ததும் நின்னு திரும்பு, திரும்பறதும் தெரியணும். சாப்பிடறப்பவும் அப்படியே, கை சோத்த தொடறது, வாய்க்கு வர்றது, மெல்றது. நடுவுல புள்ளைங்க நினைப்பு வரும், வந்துச்சுன்னு தெரிஞ்சுகினு மூச்சுக்கு வந்துடு. குக்கர் கேஸ்கட் மாத்தணும், மாவு அரைக்கணும்னு வீட்டு வேலையா ஞாபகம் வரும் பாரு, அதுதான் ஜாஸ்தி தொல்லை, எதையும் எழுந்து போயி செய்யாத, சாயந்திரம் 6 மணிக்கு மேல எல்லாம் அங்கயேதான் இருக்கும். புள்ளைங்க வர்றதுக்கு ஒரு கால் மணி நேரம் முன்னாடி முடிச்சுக்கோ, முகம் கழுவி ஒரு டீ போட்டு குடி, அப்பால கதவ தொற.